கோல்ரிட்ஜின் முதிய மாலுமிக் கவிதையில் சீரும் இயைபும்

சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜ் எழுதிய ‘த ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மாரினர்’ பாலட் (கதைப்பாடல்) யாப்பில், அதாவது எட்டு அசையும் ஆறு அசையும் மாறி மாறி வரும் நான்கடிச் செய்யுள்களால் அமைந்தது என்று பாடக்குறிப்புகள் சொல்கின்றன. ஆனால் விரல்விட்டு எண்ணினால் முதற்செய்யுளே அந்தக் கணக்குக்கு இணங்கவில்லை, போகப்போக ஐந்தடியும் ஆறடியும் ஒன்பதடியும் வருகின்றன, சில இடங்களில் இயைபு, அதாவது அடியிறுதி ஒலியொப்பு, காதில் விழவே இல்லை. இவற்றைக் கவிஞரின் பிழை என்பதா, உரிமை என்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். சிக்கலின் பெரும்பகுதி, எண்ண வேண்டியதை விட்டு வேறொன்றை எண்ணுவதால் வருவது. அதைச் சரிசெய்துகொண்டால் அடிகளில் மிகப்பெரும்பாலானவை ஒழுங்காக நின்றுவிடும். அதன்பிறகும் மிஞ்சுகிற விலகல்களில் எவை கருதிச் செய்யப்பட்டவை, எவை கதைப்பாடல் மரபுக்கே உரிய தளர்ச்சி என்பதைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

கவிதை பிறந்த சூழலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1797 நவம்பரில், இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தும் அவர் தங்கை டாரதியும் கோல்ரிட்ஜும் கால்நடையாக ஓர் உலாப் போனபோது, அந்தப் பயணச் செலவை ஈடுகட்ட ஒரு பாடலை எழுதி மாத இதழுக்கு விற்கலாம் என்ற எண்ணத்தில் தொடங்கப்பட்டது இது. அல்பட்ராஸ் பறவையைக் கொல்லும் நிகழ்ச்சியைக் கதையில் வைக்கச் சொன்னவர் வேர்ட்ஸ்வொர்த். அடுத்த ஆண்டு மார்ச்சில் முடிந்து, 1798இல் ‘லிரிக்கல் பாலட்ஸ்’ தொகுப்பின் முதற்கவிதையாக வெளிவந்தது. கோல்ரிட்ஜ், வேர்ட்ஸ்வொர்த் இருவரும் பழைய கதைப்பாடல்களில் ஊறியிருந்தவர்கள். பிஷப் தாமஸ் பெர்சி 1765இல் வெளியிட்ட பழம்பாடல் தொகுப்பு அந்தத் தலைமுறைக் கவிஞர்கள் எல்லோருக்கும் பழக்கமான நூல். அதில் உள்ள ‘சர் பேட்ரிக் ஸ்பென்ஸ்’, அரசன் ஆணைக்குப் பணிந்து புயற்காலத்தில் கப்பலைச் செலுத்தி மூழ்கிப்போகும் ஒரு மாலுமியின் கதை. அந்தப் பாட்டின் ஒரு செய்யுளையே கோல்ரிட்ஜ் 1802இல் தம் வேறொரு கவிதைக்கு முகப்பாக வைத்துக்கொண்டார். இத்தகைய பாடல்கள் பாடப்பட்டவை, ஏட்டில் அசை எண்ணி எழுதப்பட்டவை அல்ல என்பதுதான் உங்கள் கேள்விக்கு முக்கியமானது.

தமிழில் அசை என்றால் நேர், நிரை என்ற மாத்திரைக் கணக்கு நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் அசை என்பது ஓர் உயிரொலியைச் சுற்றி அமைந்த ஒலித்துண்டு மட்டுமே. நெடில், குறில் வேறுபாட்டைவிட, அந்தத் துண்டு பேச்சில் அழுத்தம் பெறுகிறதா இல்லையா என்பதே அங்கே யாப்பை நிறுத்துகிறது. பழைய கதைப்பாடல் யாப்பில் எண்ணப்படுவது இந்த அழுத்தங்கள்தாம். முதலடியிலும் மூன்றாமடியிலும் நான்கு அழுத்தம், இரண்டிலும் நான்கிலும் மூன்று. நம் யாப்புச் சொற்களில் சொன்னால் அளவடியும் (நான்கு சீர்) சிந்தடியும் (மூன்று சீர்) மாறி மாறி வருகின்றன. ஒவ்வோர் அழுத்தத்துக்கும் நடுவே அழுத்தமில்லா அசை ஒன்று வரலாம், இரண்டு வரலாம், சில இடத்தில் இல்லாமலும் போகலாம். எட்டு, ஆறு என்று அசையைக் கறாராக எண்ணுவது கிறித்தவத் துதிப்பாடல்களின் வழக்கம். ஒரே மெட்டில் பல பாடல்களை ஒரு சபை முழுவதும் சேர்ந்து பாட வேண்டியிருந்ததால் அங்கே அது தேவைப்பட்டது. ஜான் நியூட்டன் எழுதி 1779இல் அச்சான ‘அமேசிங் கிரேஸ்’ அந்த வகை. இரண்டு யாப்பும் ஒரே குடும்பம் என்பதால் பாடக்குறிப்புகள் ஒன்றின் கணக்கை மற்றொன்றுக்குப் போட்டுவிடுகின்றன.

முதற்செய்யுளையே எடுத்துக்கொள்வோம். ‘இட் இஸ் அன் ஏன்ஷியன்ட் மாரினர், / அண்ட் ஹீ ஸ்டாப்பெத் ஒன் ஆஃப் த்ரீ. / பை தை லாங் க்ரே பியர்ட் அண்ட் க்ளிட்டரிங் ஐ, / நௌ வேர்ஃபோர் ஸ்டாப்ஸ்ட் தௌ மீ?’ திருமணத்துக்குப் போகும் மூவரில் ஒருவனை ஒரு கிழ மாலுமி வழிமறிக்கிறான். மாலுமியின் நீண்ட நரைத்த தாடியையும் மின்னும் கண்ணையும் சுட்டி, ஏன் என்னை நிறுத்துகிறாய் என்று அந்த விருந்தினன் கேட்கிறான். அசைகளை எண்ணினால் எட்டு, ஏழு, பத்து, ஆறு என்று வரும். அழுத்தங்களை எண்ணினால் நான்கு, மூன்று, நான்கு, மூன்று. மூன்றாமடியில் ‘லாங்’, ‘பியர்ட்’, ‘க்ளிட்’, ‘ஐ’ ஆகிய நான்கில்தான் தாளம் விழுகிறது. மற்ற ஆறும் இடையிடையே ஓடிக் கடக்கின்றன. முதலடியில் மட்டும் ‘மாரினர்’ என்ற சொல்லின் கடைசி அசைக்குப் பேச்சில் இல்லாத சிறு அழுத்தம் கொடுத்துப் படிக்க வேண்டும். இது பழைய பாடல்களில் வழக்கமான சலுகை. 1798 பதிப்பில் மூன்றாமடியில் இன்னும் ஓர் அசை கூடுதலாகவே இருந்தது. அப்போதும் அழுத்தம் நான்குதான்.

இந்த நெகிழ்ச்சி எவ்வளவு தூரம் போகும் என்பதை இரண்டு அடிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் தெரியும். ‘வாட்டர், வாட்டர், எவ்ரி வேர்’ என்ற பெயர்பெற்ற அடியில் ஏழே அசைகள். அழுத்தத்தோடு தொடங்கி அழுத்தத்தோடு முடிவதால் நான்கு தட்டும் சரியாக விழுகின்றன. நான்காம் பகுதியில், செத்துக் கிடக்கும் தோழர்களுக்கு நடுவே மாலுமி கண்ணை மூடிக்கொள்ளும் இடத்தில் ‘ஃபார் த ஸ்கை அண்ட் த சீ, அண்ட் த சீ அண்ட் த ஸ்கை’ என்று வருகிற அடியில் பன்னிரண்டு அசைகள். அழுத்தம் அதே நான்கு. வானும் கடலும், கடலும் வானும் என்று திரும்பத் திரும்ப அலைமோதும் அந்த அடி, எட்டு அசைக்குள் அடங்கியிருந்தால் அதன் வேலையைச் செய்திருக்காது. பிற்பாடு 1816இல் ‘கிறிஸ்டபெல்’ கவிதையின் முன்னுரையில், அசை ஏழிலிருந்து பன்னிரண்டு வரை மாறினாலும் அழுத்தம் நான்குதான் என்று கோல்ரிட்ஜே விளக்கி, அதை ஒரு புதிய நெறி என்று அறிமுகப்படுத்தினார். அந்தப் ‘புதிய’ நெறி மாலுமிக் கவிதையில் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது என்பதும், அதை அவர் பெற்றது நாட்டார் பாடல்களிலிருந்து என்பதும் என் கருத்து.

இனி இயைபு. இந்த யாப்பில் இரண்டாமடியும் நான்காமடியும் மட்டுமே இறுதியில் ஒலி ஒத்து வரும். முதலடியும் மூன்றாமடியும் தனித்து நிற்கும். ஏன் இப்படி என்றால், இந்த நான்கடி உண்மையில் இரண்டு நெட்டடிகளை மடக்கி எழுதியது போன்றது. நான்கும் மூன்றும் சேர்ந்தால் எழுசீர் அடி. அந்த எழுசீர் அடிகள் இரண்டின் முடிவும் இயைகின்றன. முதலடியும் மூன்றாமடியும் அந்த நெட்டடியின் நடுப்பகுதிகள் என்பதால் அவற்றுக்கு இயைபுக் கடன் இல்லை. பாடும்போது மூன்றழுத்த அடிக்குப் பின் நான்காவது தட்டு மௌனமாகக் கழியும். அந்த மௌனத்தில் பாடுபவர் மூச்சு வாங்கிக்கொள்வார், கேட்பவர் இயைபை உள்வாங்குவார்.

கடனில்லாத அந்த ஒற்றைப்படை அடிகளில்தான் கோல்ரிட்ஜ் தம் கைவரிசையைக் காட்டுகிறார். அங்கே அடியின் நடுவிலும் முடிவிலும் ஒலி ஒத்து வரும்படி ஓர் உள்ளியைபை வைக்கிறார். ‘த கெஸ்ட்ஸ் ஆர் மெட், த ஃபீஸ்ட் இஸ் செட்’, ‘த ஃபேர் ப்ரீஸ் ப்ளூ, த ஒய்ட் ஃபோம் ஃப்ளூ’, ‘இட் க்ராக்ட் அண்ட் க்ரௌல்ட், அண்ட் ரோர்ட் அண்ட் ஹௌல்ட்’. நான்கு சீர் அடியில் இரண்டாம் சீரும் நான்காம் சீரும் முடிவில் இயைகின்றன. நம் இலக்கணத்தில் இயைபுத் தொடைக்கு மட்டும் சீர்களை அடியின் இறுதியிலிருந்து எண்ண வேண்டும் என்பதை நினைவுகூர்ந்தால், இது அப்படியே பொழிப்பு இயைபு: கடைசிச் சீர் ஒன்று, அதிலிருந்து எண்ணி மூன்றாவது மற்றொன்று. ஆங்கிலக் கவிதைக்குத் தமிழ்த் தொடைப்பெயர் இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவது அடிக்கடி நடப்பதில்லை.

உள்ளியைபு பழைய பாடல்களிலும் உண்டு, ஆனால் அங்கொன்று இங்கொன்றாக வரும். கோல்ரிட்ஜ் அதை எங்கே நிறைக்கிறார், எங்கே நிறுத்திவைக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒலியும் விரைவும் மிகுந்த இடங்களில், திருமண வீட்டின் ஆரவாரம், பனிப்பாறைகளின் உறுமல், தென்காற்றில் கப்பல் பாயும் வேகம் ஆகியவற்றில், அது தாராளமாக வருகிறது. காற்று நின்று கப்பல் அசையாமல் கிடக்கும் செய்யுளிலோ ‘டே ஆஃப்டர் டே, டே ஆஃப்டர் டே’ என்று ஒரே சொற்றொடர் இருமுறை கிடக்கிறது. அடியின் நடுவில் ‘டே’, ‘டே’ என்று இரண்டு அழுத்தங்கள் இடைவெளியின்றி மோதிக்கொள்வதால் படிப்பவரின் நாக்கும் அங்கே நின்றுவிடுகிறது. அடுத்து வருவது வண்ணத்தில் தீட்டிய கப்பல், வண்ணத்தில் தீட்டிய கடல் என்ற உவமை. ‘மோஷன்’, ‘ஓஷன்’ என்ற அதன் இயைபு இரண்டு அசை கொண்டது, இரண்டாவது அசை அழுத்தமில்லாமல் தொய்ந்து முடிகிறது.

எல்லா இடத்திலும் இதை ஒரு சூத்திரமாக்கிவிடக் கூடாது. பறவையைக் கொல்வதற்குச் சற்று முன் வரும் செய்யுள் அமைதியானது. ஆனாலும் அதில் முதலடியிலும் மூன்றாமடியிலும் உள்ளியைபு இருக்கிறது: ‘இன் மிஸ்ட் ஆர் க்ளௌட், ஆன் மாஸ்ட் ஆர் ஷ்ரௌட்’, ‘ஒய்ல்ஸ் ஆல் த நைட், த்ரூ ஃபாக்-ஸ்மோக் ஒய்ட்’. மூடுபனியிலும் முகிலிலும் பாய்மரத்தின் மீது ஒன்பது மாலைகள் பறவை வந்து அமர்கிறது. இங்கே ஒலிகள் ஒத்து ஒத்து வருவது ஓர் இணக்கத்தின் ஒலி; எல்லாம் தத்தம் இடத்தில் இருக்கிறது என்ற உணர்வை அது தருகிறது. உடனே அடுத்த செய்யுளில் திருமண விருந்தினன் பதறிப்போய், உன் முகம் ஏன் இப்படி ஆகிறது என்று குறுக்கிட, ‘ஒய் லுக்ஸ்ட் தௌ ஸோ?’ என்ற கேள்வி அடியின் பாதியில் முடிகிறது, மாலுமியின் விடை ‘வித் மை க்ராஸ்போ’ என்று மறுபாதியில் தொடங்குகிறது. கேட்டவன் வாயிலிருந்து வந்த ஒலிக்கு, வில்லைக் கையிலெடுத்தவன் வாயிலிருந்து இயைபு வருகிறது. அதன்பின் செய்யுளின் கடமை இயைபு வர வேண்டிய இடத்தில் ‘தஸ்’ என்பதோடு ‘அல்பட்ராஸ்’ சரியாக ஒட்டுவதில்லை. நீங்கள் குறிப்பிட்ட, காதில் விழாத இயைபுகளில் இதுவும் ஒன்று. முதற்பகுதி முழுவதையும் முடிக்கும் சொல் அது. அதற்கு நிறைவான இயைபு கிடைத்திருந்தால் கொலை ஒரு பாட்டின் முத்தாய்ப்பாகப் போயிருக்கும். இந்த ஒட்டாமை கருதிச் செய்தது என்று நான் நம்புகிறேன்.

அதே நம்பிக்கையை எல்லாக் குறை இயைபுகளுக்கும் நீட்ட மாட்டேன். இருநூறு பேர் ஒவ்வொருவராக விழுந்து சாகும் செய்யுளில் ‘க்ரோன்’ என்பதற்கு ‘ஒன்’ இயைபாக வருகிறது. இது இறுதி மெய் ஒத்து உயிரொலி விலகும் வகை, அக்காலக் கவிஞர்கள் பலரும் தயங்காமல் கையாண்டது. அந்தச் செய்யுளின் உண்மையான ஆற்றல் அதன் மூன்றாமடியில், ‘வித் ஹெவி தம்ப், எ லைஃப்லெஸ் லம்ப்’ என்று உடல்கள் பலகையில் மோதும் ஓசையில் இருக்கிறது. காற்று விழுந்த செய்யுளில் வரும் ‘ட்வாஸ் சேட் அஸ் சேட் குட் பீ’ என்ற அடி, எத்தனை துயரமோ அத்தனை துயரம் என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை; ‘சீ’ என்ற சொல்லுக்கு இயைபு தேடி வந்த இட்டுநிரப்பு அடிதான் அது. நாட்டுப்புறப் பாடகர்களுக்கு இத்தகைய அடிகள் கைவசம் எப்போதும் இருக்கும். கோல்ரிட்ஜ் அவர்களைப் போலப் பாட முயன்றபோது இதையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். சூரியன் எழுவதற்கு ‘அப்ரிஸ்ட்’ என்று அவர் காலத்தில் யாரும் பேசாத பழைய வடிவத்தைப் போட்டதற்கும், ‘மிஸ்ட்’ என்பதோடு ஒட்ட வேண்டும் என்ற தேவை ஒரு காரணம்.

நான்கடியை மீறும் செய்யுள்களுக்கு வருகிறேன். இவை மனம் போனபடி நீண்டவை அல்ல. ஐந்தடிச் செய்யுளில் மூன்றாமடிக்குப் பின் அதே அளவுடைய இன்னோர் அடி நுழைகிறது. மூன்றும் நான்கும் தமக்குள் இயைந்துகொள்ள, இரண்டாமடியின் இயைபுக்கு விடை ஐந்தாமடிவரை தள்ளிப்போகிறது. தாகத்தால் பேச முடியாத மாலுமி, தன் கையைக் கடித்து இரத்தத்தை உறிஞ்சி, ‘எ செய்ல்! எ செய்ல்!’ என்று தொலைவில் தெரியும் பாய்மரத்தைக் கண்டு கத்தும் இடம் இந்த வடிவில் உள்ளது. முதலில் ‘வெய்ல்’ என்று ஓர் ஒலி வருகிறது, அதற்குரிய இணையை எதிர்பார்த்து நாம் காத்திருக்கும்போது கூடுதல் அடி நம்மைத் தாமதப்படுத்துகிறது, பிறகு கூச்சல் வெடிக்கிறது. தாமதத்தைச் செய்வது யாப்பு.

ஆறடிச் செய்யுளில் கடைசி இரண்டடிகள் முந்தைய இரண்டடிகளை ஏறக்குறையத் திரும்பச் சொல்கின்றன. நல்ல காற்றைக் கொண்டுவந்த பறவையைக் கொன்றுவிட்டாயே என்று தோழர்கள் வைவது இந்த வடிவில் வருகிறது; மூடுபனி விலகியதும் அதே ஆட்கள், பனியைக் கொண்டுவந்த பறவையைக் கொன்றது சரிதான் என்று பாராட்டுவதும் அடுத்த செய்யுளில் இதே வடிவில் வருகிறது. தீர்ப்பு தலைகீழாகிறது, பாட்டு மாறவில்லை. கூட்டத்தின் கருத்து எவ்வளவு எளிதில் புரளும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான ஏளனம் தேவையில்லை. நான்காம் பகுதியில் மாலுமி கடற்பாம்புகளைத் தன்னையறியாமல் வாழ்த்தும் செய்யுளும் ஆறடிதான். அங்கும் ‘அண்ட் ஐ ப்ளெஸ்ட் தெம் அன்அவேர்’ என்ற அடி இருமுறை வருகிறது. ஆனால் அந்தப் பாம்புகளைப் பற்றிய மூன்று செய்யுள்களிலும் உள்ளியைபு ஒன்றுகூட இல்லை. தோழர்கள் வைததும் பாராட்டியதும் ‘செட் தே’, ‘ஸ்லே’ என்று கணீரென ஒலித்த உள்ளியைபோடு வந்தவை. வாழ்த்து அந்த அணியில்லாமல் வருகிறது.

ஒன்பதடிச் செய்யுள் கவிதையில் ஒன்றே ஒன்று. மூன்றாம் பகுதியில், பேய்க்கப்பல் மறைந்து இருள் கவிந்தபின், சுக்கான் பிடித்தவனின் முகம் விளக்கொளியில் வெளுத்துத் தெரிய, பாய்களிலிருந்து பனித்துளி சொட்ட, கீழ்வானில் பிறைநிலா எழும் வரை காத்திருக்கும் காட்சி அது. நான்கு, நான்கு, மூன்று என்ற அழுத்த அமைப்பு மும்முறை வருகிறது. நான்கழுத்த அடிகள் இரண்டிரண்டாகத் தமக்குள் இயைய, மூன்றழுத்த அடிகள் மூன்றும் ‘சிப்’, ‘ட்ரிப்’, ‘டிப்’ என்று தமக்குள் இயைகின்றன. இடைக்கால ஆங்கிலக் கதைக்கவிதைகளில் வழங்கிய வால்-இயைபு வடிவம் இது. ஒரே மூச்சில் படித்தால் பதற்றம் எப்படி ஏறுகிறது என்பது தெரியும். அது முடிந்தவுடன் யாப்பு நான்கடிக்குத் திரும்பிவிடுகிறது, சாவுகள் தொடங்குகின்றன.

மோனையைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன், அதில் ஒரு சுவையான வரலாறு இருப்பதால். ‘த ஃபர்ரோ ஃபாலோட் ஃப்ரீ’ என்று கப்பலுக்குப் பின்னால் தண்ணீரில் விழும் சால் தொடர்ந்து வருவதைச் சொல்லும் அடியில் மூன்று சீரும் மோனை. சிந்தடியில் இதைவிட நிறைவான முற்றுமோனை கிடையாது. கவிதையை வெளியிட்ட 1798இலேயே ஜெர்மனிக்கும், பிறகு 1804இல் மால்டாவுக்கும் கப்பலில் போன கோல்ரிட்ஜ், அந்தக் காட்சி கரையிலிருந்தோ வேறொரு கப்பலிலிருந்தோ பார்ப்பவனுக்கே அப்படித் தெரியும், கப்பலில் இருப்பவனுக்குச் சால் பின்பக்கமாக ஓர் ஓடைபோல விலகி ஓடுவதாகத்தான் தெரியும் என்று கண்டுகொண்டு, 1817 பதிப்பில் அடியை ‘த ஃபர்ரோ ஸ்ட்ரீம்ட் ஆஃப் ஃப்ரீ’ என்று மாற்றி, காரணத்தையும் அடிக்குறிப்பில் எழுதினார். பிற்காலப் பதிப்பில் பழைய அடியே திரும்பி வந்துவிட்டது. கண்ணுக்கு உண்மையான அடி காதில் தோற்றது.

யாப்பு வேறுபாடுகளை அவருடைய நெருங்கிய நண்பரே எப்படி மதிப்பிட்டார் என்பதும் உங்களுக்குப் பயன்படலாம். 1800 பதிப்பில் வேர்ட்ஸ்வொர்த் சேர்த்த குறிப்பு, இக்கவிதையில் பெருங்குறைகள் இருப்பதாகப் பட்டியலிடுகிறது. அதே குறிப்பு, இந்த யாப்பு நெடுங்கவிதைக்குப் பொருந்தாது என்றாலும் இங்கே அது இனிமையாகவும் கலைத்திறத்தோடு வேறுபடுத்தப்பட்டும், அந்த யாப்பால் இயன்ற எல்லா வகைகளையும் வெளிப்படுத்துகிறது என்று ஒத்துக்கொள்கிறது. குறைகளைப் பற்றி அவர் சொன்னதில் எனக்கு உடன்பாடு குறைவு. யாப்பைப் பற்றிச் சொன்னது மிகச்சரி.

நீங்களே அலகிட்டுப் பார்க்க விரும்பினால் ஒரு வழி சொல்கிறேன். ‘அமேசிங் கிரேஸ்’ மெட்டு தெரியுமானால், ‘ஹீ வென்ட் லைக் ஒன் தட் ஹாத் பீன் ஸ்டன்ட்’ என்று தொடங்கும் கவிதையின் கடைசிச் செய்யுளை அந்த மெட்டில் பாடிப் பாருங்கள். எட்டு, ஆறு, எட்டு, ஆறு என்று ஓர் அசைகூட மிகாமல் உட்காரும். பிறகு முதற்செய்யுளை அதே மெட்டில் பாடுங்கள். எந்தெந்த இடத்தில் அசைகளை நெருக்க வேண்டியிருக்கிறதோ அவற்றைக் குறித்துக்கொண்டு, அழுத்தம் மட்டும் இடம் மாறாமல் இருப்பதைக் கவனியுங்கள். இதற்கு 1834 பதிப்பின் பாடத்தை வைத்துக்கொள்வது நல்லது. கோல்ரிட்ஜ் திருத்திய இறுதி வடிவம் அதுதான், பெரும்பாலான தொகுப்புகளில் அச்சாவதும் அதுவே. 1798 பாடம் கிடைத்தால் திருத்தம் நேர்ந்த அடிகளை மட்டும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அதன் பழைய எழுத்துமுறை முதலில் தொல்லை தரும், அதைப் பொருட்படுத்தாமல் வாய்விட்டுப் படிக்க வேண்டும்.